போர் கொண்டுவந்த பள்ளிக்கூடம்

புதுச்சேரி மரீன் வீதியில் 1926 நவம்பர் 24 அன்று அரவிந்தர் ஆசிரமம் தொடங்கியபோது அதில் இருபத்து நான்கு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் பெரியவர்கள். வீடு வாசல், உறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு யோகம் செய்ய வந்தவர்கள். குடும்பத்தோடு வந்து தங்கிக்கொள்கிறேன் என்று கேட்டால் பொதுவாக அனுமதி கிடைக்காது. பிள்ளைகளின் சத்தம் கேட்காத அந்த இடத்தில் 1943 டிசம்பர் 2 அன்று ஏறக்குறைய இருபது பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கையால் செய்து பார்ப்பதும், விளையாட்டையும் பாடமாகவே கருதுவதும் இந்த ஊரில் வேர்விட்ட இடங்களில் அது முக்கியமானது. கல்வியாளர்கள் கூடிப் பேசித் திட்டம் போட்டு அதைத் தொடங்கவில்லை. அது வரக் காரணம் ஜப்பானின் விமானங்கள்.

1941 டிசம்பர் கடைசியில் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னை நகரம் கிட்டத்தட்டக் காலியானதைப் பற்றி நம் தாத்தா பாட்டி தலைமுறை கதை கதையாகச் சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவின் முறை வந்தது. ஆசிரமத்துக்கு வங்காளத்தில் அன்பர்கள் நிறையப் பேர். மனைவி மக்களை எங்கே அனுப்புவது என்று யோசித்தவர்களுக்குப் புதுச்சேரி நினைவுக்கு வந்தது. நியாயமாகப் பார்த்தால் அது விசித்திரமான தேர்வுதான். புதுச்சேரியும் கடற்கரை ஊர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஆசிரமம். ஆனால் பயந்து ஓடுகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்து ஓடுவதில்லையே. பிரெஞ்சிந்தியாவின் ஆளுநர் லூயி பொன்வேன் 1940இலேயே பிரிட்டனோடு நின்ற தெ கோலின் பக்கம் சேர்ந்துவிட்டதால், பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து இந்தப் பிரெஞ்சு ஊருக்குள் வருவதில் பகை நாட்டுக்குள் நுழையும் சிக்கல் இல்லை. குடும்பங்கள் வந்து இறங்கின. அவர்களோடு பிள்ளைகளும்.

இதே போர் இதே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் இன்னொரு மூலையிலும் ஒரு பள்ளியை உண்டாக்கியது. மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபைக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்தார். சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியரான அவர் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மாரியோவைச் சிறை முகாமில் அடைத்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று, அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளில், விடுதலை செய்தார்கள். 1942இல் சென்னை அபாயமான ஊர் ஆனதும் தாயும் மகனும் கொடைக்கானலுக்குப் போனார்கள். அங்கே இலங்கையிலிருந்து வந்த லீனா விக்ரமரத்னவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பள்ளி நடத்தினார்கள். அதுவரை மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கே பேர்போன மாண்டிசோரி முறை, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிந்ததில் அந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மலையில் இலைக்கும் பூவுக்கும் பூச்சிக்கும் குறைவில்லை. மாண்டிசோரியாவது வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளைப் பற்றியே யோசித்தவர். புதுச்சேரியில் பிள்ளைகளை எதிர்கொண்டவர்களுக்கு அந்த அனுபவம்கூட இல்லை.

ஆனால் ஒரு கட்டுரை இருந்தது. அரவிந்தர் கல்கத்தாவில் 1909–10இல் நடத்திய ‘கர்மயோகின்’ வார இதழில் தேசியக் கல்வி பற்றி எழுதியிருந்தார். யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்துவிட முடியாது, ஆசிரியர் உதவி செய்யலாம், வழி காட்டலாம், அவ்வளவுதான் என்பது அதன் முதல் கருத்து. பிள்ளையின் மனத்தைக் கேட்டுக்கொண்டே அதை வளர்க்க வேண்டும் என்பது அடுத்தது. பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கித் தொலைவில் இருப்பதற்குப் போக வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது அவர் தன் உடம்பில் பட்டு எழுதியது என்று எனக்குத் தோன்றுகிறது. அவரை ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார் அப்பா. லத்தீனும் கிரேக்கமும் கரைத்துக் குடித்துவிட்டு 1893இல் திரும்பியபோது தாய்மொழியான வங்காளியில் சரளமாகப் பேச வராது. அதைப் பரோடாவில் வேலை பார்த்துக்கொண்டே படித்துத்தான் தேற வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து தொடங்கிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த படிப்பு அவருடையது. பரோடா கல்லூரியில் பேராசிரியராகவும் 1906இல் கல்கத்தா தேசியக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர், 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்த பிறகு பள்ளி எதுவும் நடத்தவில்லை. கட்டுரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காகிதத்திலேயே கிடந்தது.

காகிதத்தில் கிடந்தது அது மட்டும் அல்ல. 1908 முதல் 1918 வரை இதே ஊரில் வாழ்ந்து, அரவிந்தரோடு பேசிப் பழகிய பாரதியும் தேசியக் கல்வி என்று ஒரு கட்டுரை எழுதினார். ஊரார் கூடித் தங்கள் ஊரில் தாங்களே பள்ளி வைத்துக்கொள்வது எப்படி என்று சொல்கிற கட்டுரை. என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறார். எழுத்து, சரித்திரம், பூமிசாஸ்திரம், சயன்ஸ் என்று போய், கைத்தொழில், விவசாயம், தோட்டப் பயிற்சி, சரீரப் பயிற்சி, யாத்திரை வரை நீள்கிறது.  எல்லாம் தமிழிலேயே நடக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். பாப்பாவுக்கு மாலை முழுக்க விளையாட்டை ஒதுக்கிய பாட்டும் அவர் புதுச்சேரியில் இருந்தபோது, 1915இல், வெளிவந்ததுதான். அந்தப் பட்டியலை நடத்திக் காட்ட அவருக்குப் பள்ளியும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை.

அகதிகளாக வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேறு ஒன்று. சுற்றிலும் கையால் வேலை செய்கிற பெரியவர்கள். 1942 வாக்கில் ஆசிரமத்தில் முந்நூற்றைம்பது பேர் அளவில் இருந்தார்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதே யோகம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ரொட்டி சுடுவது, துணி வெளுப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, தச்சு, பட்டறை எல்லாம் சாதனையில் சேர்த்தி. ஆளுக்கொரு வேலை உண்டு. உச்சக்கட்டமாக அப்போது கோல்கொண்ட் விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வரைந்த கட்டடம் அது. அவருடைய உதவியாளர்கள் ஃபிரான்டிசெக் சாமரும் ஜார்ஜ் நகாஷிமாவும் இங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். நகாஷிமா பின்னால் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் உலகப் புகழ் பெற்றார். வேலையாட்களில் பெரும் பகுதி ஆசிரமவாசிகளே. கம்பி கட்டத் தெரியாதவர்கள் கம்பி கட்டப் பழகினார்கள். கதவு ஜன்னலுக்கான பித்தளை உருப்படிகளை, அன்பர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள். கான்கிரீட் கட்டடம் என்றால் என்ன என்று ஊரில் பலரும் அறியாத காலம்.

இப்படிப்பட்ட இடத்துக்குள் ஒரு பிள்ளையை விட்டால் அது எதைப் பார்த்து வளரும்? பாடத்தைவிட வேலையைத்தான். செயல்வழிக் கற்றல் என்று இன்று நாம் பெயர் வைத்துச் சுற்றறிக்கை அனுப்புகிற விஷயம் அங்கே கொள்கையாக நுழைவதற்கு முன் சூழலாக இருந்தது.

பள்ளியைத் திறந்தவர் மிரா அல்ஃபாசா, ஆசிரமத்தாருக்கு அன்னை. பாரிஸில் 1878இல் பிறந்து, ஓவியம் பயின்று, 1914இல் முதல்முறையும் 1920இல் நிரந்தரமாகவும் புதுச்சேரிக்கு வந்தவர். பள்ளி தொடங்கியபோது அவருக்கு வயது அறுபத்தைந்து. ஆசிரியர்களில் அவரும் ஒருவர். மற்றவர்களும் ஆசிரமத்தில் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டே வகுப்புக்கு வந்தவர்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கிடைக்கும்வரை காத்திருந்தால் போர் முடிந்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த மனிதர் பவித்ரா. பிலிப் பார்பியே சான்-இலேர் என்பது இயற்பெயர். பாரிஸின் எகோல் பொலிதெக்னிக்கில் படித்த பொறியாளர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரி. ஜப்பானுக்குப் போய், மங்கோலியாவில் லாமாக்களோடு தங்கி, 1925இல் இங்கே வந்து சேர்ந்தார். ஆசிரமத்தின் மோட்டார் பட்டறையைக் கவனித்துக்கொண்டது அவர்தான். அப்படிப்பட்டவர் 1951 முதல் 1969இல் இறக்கும்வரை பள்ளிக்குத் தலைமை ஏற்றார். ஸ்பேனர் பிடித்த கையும் கணிதம் படித்த மூளையும் ஒரே ஆளிடம் இருந்தால் பள்ளியின் போக்கு எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

விளையாட்டுக்கு வருவோம். 1945இல் பிரணவ் குமார் பட்டாச்சார்யா என்ற வங்காள இளைஞரின் பொறுப்பில் உடற்பயிற்சிப் பிரிவு தொடங்கியது. ஆசிரமத்துக்குப் பக்கத்திலேயே விளையாட்டுத் திடல். வயதுவாரியாகக் குழுக்கள், குழுவுக்கு ஒரு நிறத்தில் கால்சட்டை. பொடிசுகளுக்குப் பச்சை. சிறுமிகளும் இளம் பெண்களும் அதே கால்சட்டையோடு, தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டு ஓடினார்கள், தாண்டினார்கள், மல்லர் கம்பத்துக்கு ஈடான வித்தைகள் செய்தார்கள். 1940களின் புதுச்சேரியில் இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது. அன்னைக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. எழுபது வயதில் அவரே கடற்கரை ஓரத்து மைதானத்தில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். 1950 ஏப்ரலில் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் வந்தபோது எடுத்த படங்களில் அவர் மட்டையோடு நிற்பதைப் பார்க்கலாம். மாலையில் திடலில் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். அன்னை ஒவ்வொருவர் கையிலும் மல்லாட்டை கொடுப்பார். பிறகு பிரெஞ்சு வகுப்பு. திடலிலேயே தரையில் உட்கார்ந்து, அவர் ஏதாவது வாசிப்பார், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வி பதில்கள் 1950களில் பதிவாகிப் பின்னால் பல தொகுதிகளாக வந்தன. படிப்பு, விளையாட்டு என்று கோடு கிழித்துப் பிரிக்காத மாலைகள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அரவிந்தர் 1950 டிசம்பர் 5 அன்று மறைந்தார். 1951 ஏப்ரலில் புதுச்சேரியில் கூடிய மாநாட்டில் அவர் பெயரில் சர்வதேசப் பல்கலைக்கழக மையம் அமைக்கத் தீர்மானமாகி, 1952 ஜனவரி 6 அன்று அது தொடங்கியது. ஊர் அப்போதும் பிரெஞ்சுக் கொடியின் கீழ். 1959இல் பெயரிலிருந்து பல்கலைக்கழகம் என்பது போய், ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் ஆனது. மழலையர் பிரிவிலிருந்து உயர்கல்வி வரை ஒரே கூரையின் கீழ்.

உண்மையைச் சொன்னால், வளர்ந்த பள்ளி கொஞ்ச காலம் மற்றப் பள்ளிகளைப் போலவும் ஆனது. வகுப்பு, மணி, தேர்வு எல்லாம் வந்தன. எந்தப் பள்ளியும் பெரிதானால் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். 1960களில் சில ஆசிரியர்கள் அதை உலுக்கினார்கள். பிள்ளை தனக்குப் பிடித்த வேலையைத் தேர்ந்தெடுக்கட்டும், ஆசிரியரோடு உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டுக்கொள்ளட்டும், தன் வேகத்தில் போகட்டும் என்றார்கள். சுதந்திர முன்னேற்றம் என்று அதற்குப் பெயர். பட்டியலில் மொழியும் கணக்கும் மட்டும் இல்லை. ஓவியம், நடனம், இசை, தச்சு, தையல், கைவினை எல்லாம் உண்டு, அவை படிப்பு முடிந்த பிறகு பொழுதுபோக்க வைத்தவை அல்ல. ஆண்டுதோறும் டிசம்பர் 1 அன்று நாடகம், 2 அன்று விளையாட்டரங்கில் உடற்பயிற்சிக் காட்சி. பள்ளி திறந்த நாளைப் பேச்சுப் போட்டி வைத்துக் கொண்டாடாமல் உடம்பால் கொண்டாடுகிற வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

பட்டம் கிடையாது. படித்து முடித்தவருக்குப் பள்ளி பட்டமோ டிப்ளமாவோ வழங்குவதில்லை. தேர்வுக்காகப் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைசியில் சான்றிதழ் நீட்டினால் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது அவர்கள் தரப்பு. நம் ஊர்ப் பெற்றோருக்கு இது சுலபத்தில் இறங்காத வாதம். வேலைக்கு என்ன செய்வான் என்றுதான் முதல் கேள்வி வரும். கேட்பதில் தப்பும் இல்லை. சொத்தோ தொழிலோ பின்னால் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லாதது சுதந்திரம். முத்தியால்பேட்டையில் நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு அது வேறு.

இன்னொரு நெருடலும் உண்டு. அங்கே கணிதமும் அறிவியலும் பிரெஞ்சில், மற்றவை பெரும்பாலும் ஆங்கிலத்தில். மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு. தமிழ் உண்டு, தாய்மொழிகளில் ஒன்றாக. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் விலகிய பிறகும் அந்த வகுப்பறைகளில் பின்னமும் தசமமும் பிரெஞ்சிலேயே தொடர்ந்தன. பல மாநிலப் பிள்ளைகள் கூடும் இடத்துக்குப் பொதுமொழி வேண்டும் என்பது சரி. ஆனாலும் பக்கத்திலிருந்து தொலைவுக்கு என்று எழுதியவரின் பள்ளியில், பக்கத்துத் தெரு மொழி நடுவில் வந்து உட்காரவில்லை. இந்த விஷயத்தில் பாரதியின் கட்டுரைதான் தெளிவாக இருந்தது.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் குடியிருப்பில், கதை வேறாக நடந்தது. 1943இல் ஆசிரமப் பள்ளி திறந்தபோது கனகசுப்புரத்தினம் என்ற பாரதிதாசன் பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகத்தான் இருந்தார். முப்பத்தேழு ஆண்டு வேலை பார்த்து 1946இல் ஓய்வு பெற்றார். ஆசிரமத்துக்கும் அந்தப் பள்ளிகளுக்கும் நடந்துபோகிற தூரம்தான். ஆனால் சுதந்திர முன்னேற்றம் வாய்க்காலைத் தாண்டவில்லை. தாண்டாததற்கு மனம் காரணமா என்றால், அதைவிடக் கணக்கு காரணம் என்பேன். ஆசிரமத்தில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. சாப்பாடும் தங்குமிடமும் தேவைகளும் ஆசிரமத்தின் பொறுப்பு, உழைப்பு அவர்களின் காணிக்கை. அதனால் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஆசிரியர்கள் தாராளம். தச்சுக்கு ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர், ஓவியத்துக்கு ஒருவர் என்று வைக்க முடியும். களிமண்ணைக் கையில் கொடுத்தால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும். நாற்பது பேரை ஒற்றை ஆசிரியர் வைத்துக்கொண்டு அதைச் செய்தால் மத்தியானத்துக்குள் தொண்டை போய்விடும்.

மேற்குப் பக்கத்துக்குச் செய்து பார்க்கிற படிப்பு வேறு வாசல் வழியாக வந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் கிராமப் பள்ளிகளில் பரிசோதனை வழி அறிவியல் தொடங்கியது. கையில் கிடைத்த மலிவான பொருளே கருவி. சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, அதில் தீக்குச்சியைச் செருகி முக்கோணமும் சதுரமும் கனசதுரமும் செய்கிற வித்தை அங்கிருந்துதான் அறிவியல் பொம்மை செய்கிற அரவிந்த் குப்தாவின் கைவழியாக நாடெங்கும் பரவியது. அந்த அலை தெற்கே அறிவியல் இயக்கங்களிடம் வந்தது. 1987 நவம்பரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழைத் தொடங்கின. படித்துவிட்டு மூடி வைக்க முடியாத இதழ். செய்து பார் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். துளிர் இல்லம் என்று ஊர் ஊராகச் சிறுவர் மன்றங்கள் முளைத்தன. காகிதத்தை மடித்துத் தொப்பியும் பறவையும் செய்வது, பாட்டாகப் பாடி வாய்பாடு சொல்வது, நட்சத்திரம் பார்ப்பது எல்லாம் அந்த வட்டாரத்தில் புழங்கின. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக வந்த இயக்கம் அது, ஆனால் பாட்டையும் தெரு நாடகத்தையும் விளையாட்டையும் வைத்து எழுத்தைக் கொண்டுபோகலாம் என்பதை அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் அதில்தான் கைப்படப் பழகினார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் தெருவிளக்கடியில் பாடிய ஆசிரியர் மறுநாள் காலை ஒன்றாம் வகுப்பில் பிரம்போடு நிற்பது கஷ்டம்.

அறிவொளியும் தொண்டர்களால் ஓடியதுதான். அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. இயக்கம் முடிந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் வேலை தேடிப் போனார்கள், பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள், ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அளவு வைத்திருக்கிறது. கரும்பலகைக்கு அது போதும். களிமண்ணுக்கும் தோட்டத்துக்கும் தச்சுக்கும் இன்னும் எத்தனை ஆள் வேண்டும், அவர்களுக்கு யார் சம்பளம் தருவது என்ற கணக்கை அரசுப் பள்ளிதான் போட்டாக வேண்டும். மரீன் வீதிக்கு அந்தக் கணக்கைப் போடும் தேவை வரவே இல்லை.